அடுப்புச் சட்டமும் பழைய மேசையும் கிடார் ஆன கதை... சேர்ந்து செய்த அப்பாவே மகனிடம் பேசாமல் போனது ஏன்?

2002-ம் ஆண்டு, ஜூன் 3. எலிசபெத் ராணி அரியணை ஏறி 50 ஆண்டுகள் நிறைவடைந்ததைக் கொண்டாட, லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்தில் பிரமாண்டமான இசைக் கச்சேரி. அதைத் தொடங்கிவைத்தவர் மேடையில் இல்லை, அரண்மனையின் கூரை மேல் நின்றிருந்தார். காற்றில் பறக்கும் சுருட்டை முடி, கையில் செம்பழுப்பு நிற எலெக்ட்ரிக் கிடார். பிரிட்டனின் தேசிய கீதத்தை அந்தக் கிடாரில் வாசித்தார். அவர் பிரையன் மே. 'குயின்' ராக் இசைக்குழுவின் கிடார் கலைஞர்.

'வீ வில் ராக் யூ' பாடலைப் பலரும் கேட்டிருப்பீர்கள். பெயர் தெரியாவிட்டாலும், விளையாட்டு மைதானங்களில் இரண்டு முறை காலைத் தட்டி, ஒரு முறை கையைத் தட்டும் அந்தத் தாளம் தெரிந்திருக்கும். அந்தப் பாட்டின் முடிவில் சீறிக்கொண்டு வருவதும் இதே கிடார்தான்.

இவ்வளவு புகழ்பெற்ற கிடாரை எந்த நிறுவனம் தயாரித்தது என்று தேடினால், விடை கிடைக்காது. ஒரு பழைய மேசை, யாரோ தூக்கி எறிய இருந்த ஓர் அடுப்புச் சட்டம், அம்மாவின் தையல் பெட்டியில் கிடந்த பட்டன்கள்... இவற்றை வைத்து ஒரு அப்பாவும் மகனும் வீட்டிலேயே செய்த கிடார் அது. பெயர் 'ரெட் ஸ்பெஷல்'.

ஆனால், இந்தக் கதையில் ஒரு நெருடல் இருக்கிறது. மகனோடு உட்கார்ந்து அந்தக் கிடாரைச் செய்த அதே அப்பா, மகன் அதை வாசித்துப் பிழைக்கப்போகிறான் என்று தெரிந்ததும் உடைந்துபோனார்.

கடையில் வாங்கக் காசில்லை!

பிரையன் மே பிறந்தது 1947-ல். லண்டனுக்கு மேற்கே, ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகில் இருக்கும் ஃபெல்தம் என்ற ஊரில் வளர்ந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா ஹெரால்டு, அரசின் விமானத்துறை அமைச்சகத்தில் மின்னணுவியல் பிரிவில் வேலை பார்த்தவர். எதையும் கையால் செய்துபார்க்கும் மனிதர். உகுலேலே-பேன்ஜோ என்ற சின்ன நரம்புக் கருவி ஒன்றை அவர் வாசிப்பார். மகனுக்கு முதல் ஸ்வரக்கட்டுகளைச் சொல்லிக்கொடுத்ததும் அப்பாதான். ஏழாவது பிறந்தநாளுக்கு பிரையனுக்குச் சாதாரண மரக் கிடார் ஒன்று பரிசாகக் கிடைத்தது.

அறுபதுகளின் தொடக்கம். இங்கிலாந்து இளைஞர்களுக்கு எலெக்ட்ரிக் கிடார் பைத்தியம் பிடித்திருந்த காலம். அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் தயாரித்த 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' கிடார் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கும். பிரையனுக்கும் அதன் மீது கண். ஆனால், ஓர் அரசு ஊழியரின் சம்பளத்தில் அதை நினைத்துப் பார்க்க முடியாது.

'வாங்க முடியாது' என்பதோடு பேச்சு முடிந்துவிடவில்லை. 'நாமே செய்தால் என்ன?' என்ற யோசனை வந்தது. 1963-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வேலை தொடங்கியது. பிரையனுக்கு அப்போது 16 வயது. வீட்டின் ஓர் அறை பட்டறையாக மாறியது. பெரிய இயந்திரங்கள் எதுவும் கிடையாது. வாள், உளி, அரம் போன்ற கைக்கருவிகள்தான். முடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

புழு அரித்த மரம், தீக்குச்சி வைத்தியம்!

முதல் கேள்வி, மரத்துக்கு எங்கே போவது?

குளிர்நாட்டு வீடுகளில் சுவரை ஒட்டிக் கணப்பு அடுப்பு இருக்கும். அதைச் சுற்றிலும் அழகுக்காக மரச்சட்டம் பொருத்துவார்கள். குடும்ப நண்பர் ஒருவர், தன் வீட்டிலிருந்த அப்படியொரு பழைய சட்டத்தைத் தூக்கி எறிய இருந்தார். நூறாண்டு கண்ட மஹோகனி மரம். அதைக் கேட்டு வாங்கிவந்தார்கள். கிடாரின் நீண்ட கழுத்துப் பகுதி அதிலிருந்துதான் வந்தது.

பழைய மரத்தோடு வேலை செய்வது சுலபமில்லை. அது இறுகிப்போயிருந்தது. கையாலேயே செதுக்கி, தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு அதில் புழு அரித்த ஓட்டைகள் வேறு. பிரையன் அவற்றில் தீக்குச்சிகளைச் செருகி அடைத்தார். உலகின் பெரிய மேடைகளையெல்லாம் பார்த்த அந்தக் கிடாரின் கழுத்துக்குள் அந்தத் தீக்குச்சிகள் இன்றும் இருக்கின்றன.

அடுத்தது உடல். அதற்கு ஒரு பழைய மேசையின் ஓக் மரம் கைகொடுத்தது. அந்த ஓக் துண்டுகளோடு 'பிளாக் போர்டு' பலகையையும் சேர்த்தார்கள். நம் ஊர் பிளைவுட் கடைகளில் அலமாரிக்கும் கட்டிலுக்கும் கேட்டு வாங்குவோமே, அதே வகைப் பலகைதான். இப்படி ஒட்டுப்போட்ட உடலின் முன்னும் பின்னும் மெல்லிய மஹோகனி வெனீர் ஒட்டியதும், ஒரே மரத்தில் கடைந்தது போன்ற தோற்றம் வந்துவிட்டது. ஓரங்களை மறைக்க, அலமாரித் தட்டுகளின் விளிம்பில் ஒட்டும் வெள்ளை பிளாஸ்டிக் பட்டை உதவியது.

உடலுக்குள் வேண்டுமென்றே சில வெற்றிடங்களை விட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்தபடி யாராவது ஸ்பீக்கர் பக்கம் போனால் 'கூ...' என்று ஒரு சத்தம் கிளம்பும், இல்லையா? ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மறுபடியும் மைக்குக்குள் நுழைந்து சுற்றிச் சுற்றி வளர்வதால் வரும் சத்தம் அது. பாடகர்களுக்கு அது தொல்லை. ஆனால், ராக் கிடார் கலைஞர்களுக்கு அதுவே ஒரு வரம். கட்டுக்குள் வைத்துக்கொண்டால், ஒரு ஸ்வரத்தை நிற்காமல் இழுத்துக்கொண்டே போகலாம். தன் கிடார் அப்படிப் பாட வேண்டும் என்று பிரையன் முதலிலேயே திட்டமிட்டார். அதற்காகத்தான் உள்ளே அந்தக் காலி அறைகள்.

தையல் பெட்டி முதல் மோட்டார் சைக்கிள் வரை!

அடுத்த கட்டத்தில் வீட்டில் எந்தப் பொருளும் தப்பவில்லை.

எந்த இடத்தில் விரல் வைக்க வேண்டும் என்று காட்டுவதற்காக, கிடாரின் கழுத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் பதித்திருப்பார்கள். பிரையனின் கிடாரில் அந்தப் புள்ளிகள் எல்லாம் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பி பட்டன்கள். ஒவ்வொன்றையும் கையால் தேய்த்துப் பதித்தார்கள்.

வாசிக்கும்போது எல்லாக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் தளர்த்தி, ஒலியை அலையவிட ஒரு நெம்புகோல் உண்டு. 'ட்ரெமோலோ' என்பார்கள். இதில்தான் பெரிய சிக்கல். நெம்புகோலை அழுத்திவிட்டு விட்டதும், ஆறு கம்பிகளும் பழைய நிலைக்கு அப்படியே திரும்ப வேண்டும். இல்லையென்றால் சுருதி கலைந்துவிடும். அந்தக் காலத்து விலையுயர்ந்த கிடார்களிலேயே இந்தத் தொல்லை இருந்தது.

அப்பாவும் மகனும் கண்டுபிடித்த வழி எளிமையானது. பழைய தராசின் கோல் ஒரு கூர்முனை மேல் நின்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். உரசல் குறைவு என்பதால் சரியாக நடுவுக்குத் திரும்பிவிடும். அதேபோல, ட்ரெமோலோ தகட்டைக் கத்தி முனை போன்ற எஃகு விளிம்பின் மேல் ஆடவிட்டார்கள். ஒரு பக்கம் கம்பிகளின் இழுவை. மறுபக்கம் அதைச் சமன்செய்ய இரண்டு ஸ்பிரிங்குகள். அவை 1928-ம் ஆண்டு 'பேந்தர்' மோட்டார் சைக்கிள் ஒன்றின் வால்வு ஸ்பிரிங்குகள்! நெம்புகோலின் கைப்பிடி, சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் பை மாட்டும் கம்பி. அதன் நுனியில் மாட்டிய பிளாஸ்டிக் குமிழ், அம்மாவின் பின்னல் ஊசியிலிருந்து வந்தது.

கடையில் வாங்கிய ஒரே முக்கியப் பொருள்!

எலெக்ட்ரிக் கிடாரின் உயிர் 'பிக்கப்'. காந்தத்தைச் சுற்றி, மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. செம்புச் சுருளில் சின்னதாக மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பினால் இசை. பள்ளி இயற்பியல் புத்தகத்தில் ஃபாரடே பெயரில் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் இது.

பிக்கப்பையும் அவர்களே செய்து பார்த்தார்கள். காந்தம் வாங்கி, கம்பி சுற்றுவதற்குத் தனியாக ஒரு கருவியும் செய்தார்கள். ஒலி நன்றாகவே வந்தது. ஆனால் ஒரு குறை. விரலால் கம்பியைப் பக்கவாட்டில் வளைத்து வாசித்தால், ஒரு கரகரப்பு எழுந்தது. ராக் இசையில் கம்பியை வளைக்காமல் வாசிப்பது நடக்காத காரியம். எனவே, பிரையன் காசு சேர்த்து, இங்கிலாந்தின் பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்கள் மூன்றை வாங்கிப் பொருத்தினார்.

அதையும் அவர் அப்படியே விட்டுவிடவில்லை. சுருள்கள் உள்ளுக்குள் அதிர்ந்து கீச்சிடாமல் இருக்க, அவற்றுக்குள் பசையை ஊற்றி இறுக வைத்தார். அந்தப் பசை 'அரால்டைட்'. உடைந்த பொருளை ஒட்ட நம் வீட்டு மேசை டிராயரிலும் கிடக்குமே, அதே பெயர்தான்!

மொத்தக் கிடாருக்கும் ஆன செலவு ஏறத்தாழ 8 பவுண்டுகள் என்று சொல்வார்கள்.

பழைய மரத்தில் அப்படி என்ன இருக்கிறது?

வெட்டிய புதிதில் மரத்துக்குள் நிறைய ஈரம் இருக்கும். காயக் காயச் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். பச்சை மரத்தில் செய்த கதவு சீக்கிரமே கோணிக்கொள்வது இதனால்தான். கிடாரின் கழுத்து ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் வாசிப்பது சிரமம். ஆறு எஃகுக் கம்பிகள் இரவும் பகலும் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். நூறாண்டு வெயிலையும் குளிரையும் பார்த்த மரம், கோண வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே கோணி முடித்திருக்கும். இனி பெரிதாக அசையாது. இடித்த பழைய வீட்டின் தேக்குக் கதவை நம் ஊரிலும் தேடிப்போய் வாங்குகிறார்கள் அல்லவா? அதே கணக்குதான்.

இதையே தொழிலாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். நியூயார்க்கின் கார்மைன் தெருவில் கிடார் கடை வைத்திருப்பவர் ரிக் கெல்லி. நகரத்தின் பழைய கட்டடங்களை இடிக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் கழற்றிப்போடும் பைன் மர உத்தரங்களை வாங்கிவந்து, கிடார் செய்கிறார். 1854-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் 'மெக்சோர்லிஸ்' என்ற மதுக்கடையின் மரமும் அவர் கைக்கு வந்திருக்கிறது. மரத்தின் கீறல்களையும் ஆணி ஓட்டைகளையும் மறைக்காமல் அப்படியே விடுவது அவர் பாணி. பாப் டிலன், லூ ரீட் போன்றவர்களிடம் அவர் செய்த கிடார்கள் போயிருக்கின்றன. அவர் கடையைப் பற்றி 2018-ல் 'கார்மைன் ஸ்ட்ரீட் கிடார்ஸ்' என்ற ஆவணப்படமும் வெளிவந்தது. பைன் மரத்தின் பிசின் பல ஆண்டுகளில் இறுகிப்போவதால், பழைய மரம் நன்றாக ஒலிக்கும் என்பது இவர்களின் நம்பிக்கை.

இதை ஏற்காதவர்களும் உண்டு. எலெக்ட்ரிக் கிடாரில் ஒலியைத் தீர்மானிப்பது கம்பி, பிக்கப், ஆம்ப்ளிஃபையர்தான். உடல் எந்த மரமாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அவர்கள் வாதம். கிடார் செய்பவர்களிடையே இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

வீட்டில் கிடக்கும் பழைய மரத்தில் எதையாவது செய்துபார்க்க ஆசைப்படுபவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே ஆணி புதைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வாள் பட்டால் பல் போய்விடும். பூச்சி இன்னும் உயிரோடு இருந்தால் அந்த மரம் வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால், முகக்கவசம் இல்லாமல் தேய்க்கவே கூடாது.

'படிப்பை விட்டுட்டு இதுவா?'

பிரையன் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தார். பட்டம் பெற்றதும், அதே கல்லூரியில் வானியற்பியல் ஆராய்ச்சி. சூரியனைச் சுற்றிக் கோள்களுக்கு நடுவே பரவிக்கிடக்கும் தூசு எப்படி நகர்கிறது என்பதுதான் ஆய்வுத் தலைப்பு. அமைச்சக வேலையில் இருந்த அப்பாவுக்கு இதைவிட வேறென்ன பெருமை வேண்டும்? ஒரே மகன் டாக்டர் பட்டம் வாங்கப்போகிறான்!

ஆனால், 1970-ல் ஃப்ரெடி மெர்குரி, ரோஜர் டெய்லரோடு சேர்ந்து பிரையன் 'குயின்' குழுவைத் தொடங்கியிருந்தார். நம் நாட்டின் பஞ்சகனியில் பள்ளிப்படிப்பு படித்த அதே ஃப்ரெடிதான். குழுவின் முதல் ஆல்பம் 1973-ல் வந்தது. கச்சேரிகள் கூடின. அடுத்த ஆண்டே பிரையன் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டார். ஆய்வேடு ஏறத்தாழத் தயாராக இருந்த நேரம்.

ஹெரால்டால் அதைத் தாங்க முடியவில்லை. மகன் தன் படிப்பையும் எதிர்காலத்தையும் தூக்கி எறிகிறான் என்றே அவர் நினைத்தார். இருவருக்கும் இடையே நெடுநாள் பேச்சே இல்லாமல் போனது. இதைப் பிரையனே பின்னாளில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்.

யோசித்துப் பார்த்தால் விநோதம்தான். அந்தக் கிடார் இல்லாவிட்டால், மகன் இசைக்குப் போயிருப்பானா என்பதே சந்தேகம். அந்தக் கிடாருக்கு அளவெடுத்தவர், ஸ்பிரிங் பொருத்தியவர், மாலை நேரங்களையெல்லாம் அதற்காகச் செலவிட்டவர் அப்பாதான். அவர் கண்ணுக்கு அது ஒரு பாடமாக இருந்திருக்கலாம். கணக்கையும் இயற்பியலையும் கைவேலையையும் மகன் கற்றுக்கொள்ள ஒரு வழி. பாடம் முடிந்ததும் கிடார் பொழுதுபோக்காகவும் படிப்பு வாழ்க்கையாகவும் இருக்க வேண்டும். மகனுக்கோ அது தலைகீழாகிவிட்டது.

பிள்ளை கையில் வீணையோ கீபோர்டோ வாங்கிக்கொடுத்து, அரங்கேற்றத்தில் கண்கலங்கி, பிளஸ் டூ முடிந்ததும் 'அதெல்லாம் ஓரமா வெச்சுட்டுப் படி' என்று சொல்லும் வீடுகள் நம் ஊரிலும் எத்தனையோ உண்டு. அந்தப் பெற்றோர் கொடியவர்கள் இல்லை. கச்சேரியை நம்பி மாதக் கடைசியில் அரிசி வாங்க முடியுமா என்ற பயம் அவர்களைப் பேசவைக்கிறது. ஹெரால்டுக்கும் அதே பயம்தான்.

கான்கார்டு டிக்கெட்!

1975-ல் 'பொஹிமியன் ராப்சடி' பாடல் வந்தது. இங்கிலாந்தில் தொடர்ந்து ஒன்பது வாரங்கள் முதல் இடத்தில் இருந்தது. 'குயின்' உலகப் புகழ்பெற்றது. அப்போதும் அப்பாவின் மனம் முழுதாக இளகவில்லை.

1977-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 'குயின்' கச்சேரி. பிரையன் அம்மாவையும் அப்பாவையும் அதற்கு அழைத்தார். வெறும் அழைப்பு இல்லை. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் கான்கார்டு விமானத்தில் அவர்களை வரவழைத்தார். அதற்கும் ஓர் அர்த்தம் இருந்தது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத பனிமூட்டத்திலும் கான்கார்டு தரையிறங்க உதவும் கருவிகளில் வேலை செய்தவர் ஹெரால்டு. ஆனால், அந்த விமானத்தில் அதுவரை அவர் பயணம் செய்ததே இல்லை.

அன்று இரவு, ஆயிரக்கணக்கானோர் நிறைந்த அரங்கில் மகன் வாசிப்பதை அப்பா பார்த்தார். வீட்டு அறையில் தானும் சேர்ந்து இழைத்த மரம் அங்கே முழங்கியது. கச்சேரி முடிந்ததும் மகனிடம் வந்து, இப்போது தனக்குப் புரிகிறது என்று சொன்னார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தான் பல ஆண்டுகள் காத்திருந்ததாகப் பிரையன் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அப்பா பார்க்காத பட்டம்!

ஹெரால்டு 1988-ல் காலமானார். அந்த இழப்பு பிரையனைக் கடும் மன அழுத்தத்தில் தள்ளியது.

கிடாருக்கும் வயதாகியது. ஊர் ஊராகப் போன அலைச்சலில் வண்ணம் உரிந்து, விளிம்புகள் அடிபட்டிருந்தன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிடார் தயாரிப்பாளர் கிரெக் ஃப்ரையர் 1998-ல் அதைப் பழுதுபார்த்துப் புதுப்பித்தார்.

மகனுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. பரணில் கிடந்த ஆய்வேட்டை 30 ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்தார். இடையில் அந்தத் துறையில் நடந்தவற்றையெல்லாம் படித்து, ஆய்வை முடித்து, 2007-ல் அதே இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 60. அப்பா ஆசைப்பட்ட பட்டம் வந்தது. பார்க்க அப்பா இல்லை.

2023-ல் பிரிட்டன் அரசு அவருக்கு 'சர்' பட்டம் வழங்கியது. 'ரெட் ஸ்பெஷல்' மாதிரியில் செய்த கிடார்கள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. புது மரத்தில், இயந்திரத்தில் அளவு பிசகாமல் வெட்டியவை. பிரையன் மேடையில் பெரும்பாலும் எடுப்பது பழைய கிடாரைத்தான். அதை மீட்ட அவர் பயன்படுத்துவது, இங்கிலாந்தில் எப்போதோ செல்லாமல் போன ஆறு பென்ஸ் நாணயம்.